விமலாவுக்கு ஹோட்டல் பார்க்கப் போனது

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தவள் நான். என் எழுத்து கோணல். மறதியும் கூடிவிட்டது, அதனால் நான் சொல்லும் விலை, தூரம் எல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பயணக் கட்டுரை என்றால் லண்டன், காசி என்று போய் வந்தவர்கள் எழுதுவார்கள். நான் போனது லாயாங் லாயாங்கிலிருந்து நுசாஜெயா வரைக்கும்தான். ஜொகூர் மாநிலத்தைத் தாண்டவில்லை. ஆனால் வீட்டில் டயாலிசிஸ் செய்கிற ஆளை வைத்துக்கொண்டு, பிள்ளைகளைத் தீம் பார்க்குக்கு எப்படிக் கூட்டிப் போவது என்று முழிக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

என் தங்கச்சி பெயர் விமலா. எட்டுப் பிள்ளைகளில் நான் மூத்தவள், அவள் கடைசி. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான்தான். உலு திராமில் அவள் வீடு. அவள் வீட்டுக்காரர் சேகர் தினமும் விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். இரண்டு பெண் பிள்ளைகள். தர்ஷினிக்குப் பதினொன்று, யாழினிக்கு எட்டு. விமலாவுக்குச் சர்க்கரையில் ஆரம்பித்து, கிட்னி இரண்டும் போய், செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ரத்தம் கழுவப் போக வேண்டும். ஒரு நாள் தவறினாலும் மூச்சு வாங்கும்.

ஒரு நாள் போன் செய்தாள்.

"அக்கா, பிள்ளைங்க கிளாஸ்ல எல்லாரும் அந்த நுசாஜெயா தீம் பார்க்குக்குப் போய்ட்டு வந்துட்டாங்களாம். இவளுங்க மட்டும்தான் பாக்கி."

"சேகரைக் கூட்டிட்டுப் போகச் சொல்லு."

"அவருக்கு லீவு கிடைக்கல. பெரியம்மாகூடப் போங்க, நான் வீட்டுல இருக்கறேன்னு சொன்னா, இந்த யாழினி மாட்டேங்குறாக்கா. அம்மா வந்தாத்தான் வருவாளாம்."

பிறகு சொன்னாள்: "நாளைக்குப் பெரிசானதும், எங்கம்மாவும் வந்தாங்க, நாங்க விளையாடுனதப் பாத்தாங்கன்னு அதுங்க சொல்லணும்லா. நான் தண்ணியில இறங்க வேணாம், வெயில்ல நடக்க வேணாம். ஜன்னல்ல உக்காந்து பாக்குற மாதிரி ஒரு ரூம் கிடைச்சா போதும்."

போனில் கேட்டால் எல்லா ஹோட்டலும் பார்க்குக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எல்லா ஜன்னலிலும் எல்லாம் தெரிகிறது. அதனால் நானே போய்ப் பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டேன். இத்தனைக்கும் கடையில் மிச்சக் காசு குறைத்துக் கொடுத்தால்கூட வாய் திறந்து கேட்காதவள் நான்.

காலை ஏழு மணிக்கு, கூலாயில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுப் பெண் தன் காரில் ஏற்றிக்கொண்டாள். செடனாக் வழியாகக் கூலாய்க்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். வழியெல்லாம் செம்பனைத் தோட்டம். கூலாய் கோப்பிக்கடையில் ஒரு ரோட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு, அரை நாளைக்கு நூற்று இருபது வெள்ளி வாடகை பேசி டாக்சி எடுத்தேன். டிரைவர் நம் ஆள்தான், ஐம்பது வயதிருக்கும்.

"ஹோட்டல்ல தங்கப் போறீங்களாம்மா?"

"இல்ல தம்பி, பாத்துட்டு வரப் போறேன்."

"பாக்கவா? ஹோட்டல் என்ன மாப்பிள்ளையா, போயி பாத்துட்டு வர்றதுக்கு?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை. தன் அண்ணனும் ஸ்கூடாயில் ரத்தம் கழுவுகிறவர்தான் என்றார். "வெளியாளுக்கு ஒரு தடவைக்கு மட்டும் இடம் கொடுக்கற சென்டரை முதல்ல புடிங்கம்மா. அப்புறம் ஹோட்டல்."

அவரே ஒரு சென்டருக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த நர்ஸ், வியாழக்கிழமை காலையில் ஒரு படுக்கை தரலாம் என்றாள். விமலா வழக்கமாகப் போகும் சென்டரிலிருந்து கடிதமும், சமீபத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவும் வேண்டுமாம். போகிறவர்கள் இதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பார்த்தது பார்க் வாசலிலேயே இருக்கும் ஹோட்டல். கதவு, கட்டில், கம்பளம் எல்லாம் பொம்மை மாதிரி. பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். ஆனால் லிஃப்டிலிருந்து ரூமுக்கு நடக்கும் வழி நீண்டுகொண்டே போனது. விமலா நடுவில் இரண்டு முறை உட்கார வேண்டியிருக்கும். ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்தும் இடம். விலை எழுநூறு வெள்ளிக்கு மேல்.

இரண்டாவது, டயாலிசிஸ் சென்டருக்கு அடுத்த வரிசையில் கடைவீட்டு மாடி ஹோட்டல். நூறு வெள்ளிதான். லிஃப்ட் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஏர்கான் பெட்டிகள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன.

மூன்றாவதாகப் போனதுதான், பார்க்குக்கு எதிரில் சாலைக்கு இந்தப் பக்கம் உயரமாக நிற்கும் ஹோட்டல். சென்டருக்குக் காரில் கால் மணி நேரம். ரூம் இருநூற்று எண்பது வெள்ளி. ரூம் சுத்தம் செய்யும் மேரி என்ற தமிழ்ப் பெண்ணை என்னோடு அனுப்பினார்கள். ஐந்தாவது மாடியில் ஒரு ரூமைத் திறந்துவிட்டாள். நான் நாற்காலியை இழுத்து ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தேன்.

"வர்றவங்க மெத்தைய அமுக்கிப் பாப்பாங்க, பாத்ரூம்ல தண்ணி திறந்து பாப்பாங்க," என்றாள் மேரி. "நீங்க என்னம்மா, பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரி உக்காந்துட்டீங்க?"

சொன்னேன். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "அப்ப இந்த ரூம் வேணாம். விளம்பரப் பலகை மறைக்கும். எட்டுக்கு வாங்க."

எட்டாவது மாடியில், இடது பக்கம் கடைசி ரூம். ஜன்னலுக்கு நேராகச் சாலைக்கு அப்பால் தண்ணீர்ச் சறுக்கின் நீலக் கோபுரம். உச்சியில் ஆட்கள் நின்றிருந்தார்கள். பெரியவரா சின்னப் பிள்ளையா என்பது தெரிந்தது. முகம் தெரியவில்லை. கை தூக்கினால் தெரியுமா என்று பார்ப்பதற்கு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் கை தூக்கவில்லை.

ரூமில் சின்ன ஃபிரிட்ஜ் இருந்தது, ஐஸ் வைக்கும் தட்டு இல்லை. விமலாவுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் அளவு. தாகம் எடுத்தால் ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டு அடக்கிக்கொள்வாள். "அத நான் கீழேருந்து கொண்டாந்து தர்றேன்," என்றாள் மேரி. அந்த ரூமையே பேசி முடித்தேன்.

பள்ளி விடுமுறையில் ஒரு புதன்கிழமை போனோம். விமலா, இரண்டு பிள்ளைகள், நான். சேகர் வேலை முடிந்து மறுநாள் இரவு வந்து சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. உப்பில்லாத சோறும் கோழியும் டப்பாவில் எடுத்துப் போனேன். ஹோட்டலில் கொடுக்கும் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறும் ஆரஞ்சுச் சாறும் அவளுக்கு ஆகாது.

வியாழன் காலை ஏழு மணிக்கெல்லாம் சென்டரில் இருந்தோம். பிள்ளைகள் விடுமுறை உடுப்போடு பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தார்கள். ஊசி ஏறியதும் விமலா அவர்களைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "இதுவும் ஒரு தீம் பார்க் ரைட்தான்லா. நாலு மணி நேரம் சுத்தும். வரிசையில நிக்கவே வேணாம்."

"உயரம் எவ்ளோ இருந்தா ஏறலாம்?" என்று கேட்டாள் யாழினி.

"நீ ஏறவே கூடாது," என்றாள் விமலா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ரூமுக்குத் திரும்பியபோது அவளுக்குத் தலை சுற்றல். சென்டரிலிருந்து வந்த நாளெல்லாம் அப்படித்தான் இருக்கும். நாற்காலியை ஜன்னலோரம் போட்டு, அதில் ஒரு போர்வையை மடித்து வைத்தேன். "மூணு மணிக்குக் கோபுரத்து மேல நிப்போம். நீ பாரு," என்றேன்.

"அம்மா எந்த ஜன்னல்ல இருக்காங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் தர்ஷினி.

"கீழ்த்தளத்தை விட்டுட்டு, மேல எட்டு எண்ணு. கடைசி ஜன்னல்."

பார்க்குக்குள் வெயில் கொளுத்தியது. கோபுரத்துக்கு நூற்றுக்கணக்கில் படி, நான் அடியிலேயே நின்றுவிட்டேன். பிள்ளைகள் உச்சிக்குப் போனதும் நாங்கள் மூன்று பேரும் எட்டு எண்ணி, அந்த ஜன்னலைப் பார்த்துக் கை ஆட்டினோம். யாழினி இரண்டு கையையும் தூக்கி, காவல்காரர் போகச் சொல்லும் வரை ஆட்டினாள். கண்ணாடியில் வானம்தான் தெரிந்தது. உள்ளே ஆள் இருக்கிறார்களா என்பது தெரியவில்லை.

ஐந்து மணிக்குத் திரும்பினோம். திரை இழுத்து மூடியிருந்தது. விமலா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நாற்காலியில் போர்வை நான் மடித்து வைத்தபடியே இருந்தது.

"பாத்தீங்களாம்மா?" என்றாள் யாழினி.

விமலா திரும்பினாள். "பாத்தேனே. ஆனா நீங்கதான் என்னைப் பாக்கல. மூணு பேரும் என் தலைக்கு மேல யாருக்கோ கை ஆட்டிட்டு இருந்தீங்க. யாருடி அது மேல் மாடியில, உங்க புது அம்மாவா?"

தர்ஷினி சிரித்தாள். யாழினிக்கு முகம் சுருங்கிவிட்டது. அவள் பார்வை நாற்காலிக்குப் போனதை நான் கவனித்தேன். நானும் அதைத்தான் நினைத்தேன். தூங்கிவிட்டாள், பிள்ளைகள் மனம் நோகக் கூடாதென்று ஏதோ சொல்கிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்கிற சுபாவம் எனக்கு இல்லை.

இரவு சேகர் வந்து சேர்ந்தார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ரூமைக் காலி செய்தோம். மேரியும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு லிஃப்டில் வந்தாள். யாழினி பொத்தான்களைத் தடவிக்கொண்டே, "அலமாக், பெரியம்மா! நாலைக் காணோம்! மூணுக்கு அப்புறம் அஞ்சு!" என்று கத்தினாள்.

"இங்க நாலாவது மாடியே கிடையாது பாப்பா," என்றாள் மேரி. "சீனவங்களுக்கு அந்த நம்பர் ஆகாது. அதான் வைக்கல."

"பாவம் நாலு, அதுக்கு ரூம் கிடைக்கல," என்றாள் விமலா. எல்லோரும் சிரித்தோம். வேறொன்றும் யோசிக்கவில்லை.

தீபாவளிக்கு முன்பே விமலா போய்விட்டாள். ஒரு சனிக்கிழமை, சென்டருக்குக் கிளம்பும்போது. அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

கருமாதி முடிந்து ஒரு நாள் உலு திராம் வீட்டில் யாழினிக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். திரும்பாமலே கேட்டாள்: "பெரியம்மா, அன்னிக்கு அம்மா நெஜமாவே பாத்தாங்களா? இல்ல தூங்கிட்டாங்களா?"

"பாத்தாங்க," என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை. அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. கேட்காமல் இருப்பதில் என்னைப் போலவே வருகிறாள் போலிருக்கிறது.

போன மாதம் கண் காட்டுவதற்குக் குளுவாங் ஆஸ்பத்திரிக்குப் போனேன். லிஃப்டில் ஏறி, பொத்தானைத் தேடினேன். மூன்றுக்கு அடுத்து நாலு இருந்தது. அதைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன். லிஃப்ட் மேலே போய், கதவு திறந்து, மூடி, என்னை மறுபடி கீழே கொண்டு வந்துவிட்டது.

அந்த ஹோட்டலில் நாலு இல்லை. அப்படியானால் எட்டு என்று எழுதியிருக்கும் மாடி, வெளியிலிருந்து எண்ணினால் ஏழாவது. நாங்கள் எட்டு எண்ணிக் கை ஆட்டியது அதற்கு மேல் மாடி ஜன்னலுக்கு. விமலாவின் தலைக்கு மேலே. அவள் அப்படியேதான் சொன்னாள். சுவரைப் பார்த்துத் தூங்கியவளுக்கு அது எப்படித் தெரியும்? நாற்காலியில் உட்காராமல், திரையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்திருப்பாளோ? பார்த்துவிட்டுத்தான் போய்ப் படுத்தாளோ?

ஆனால் இன்னொன்றும் மனதை அரிக்கிறது. முகமே தெரியாத தூரத்தில், நாங்கள் எந்த ஜன்னலைப் பார்க்கிறோம் என்று தெரியுமா? கிண்டலுக்குச் சொன்னது தற்செயலாக ஒத்துப்போயிருக்கலாம். நான் அந்த ஜன்னலில் உட்கார்ந்திருந்த அன்று யாரும் கை தூக்கவில்லையே.

என் லாயாங் லாயாங் வீட்டுக்கு மாடி கிடையாது. ஜன்னலில் நின்றால் தெருவில் போகிறவர்களின் மூக்குத்திகூடத் தெரியும். இங்கே நின்று அதைச் சோதிக்க முடியாது. மறுபடி அங்கே போகலாம் என்றால் எனக்குக் கால் வரவில்லை.

விலையும் தூரமும் நான் தப்பாக எழுதியிருந்தால் தெரிந்தவர்கள் திருத்திவிடுங்கள், அது பெரிதில்லை. அந்தப் பக்கம் பிள்ளைகளோடு போகிறவர்கள் யாராவது எனக்காக இதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். ஹோட்டல் பெயர் வேண்டாம், பார்க்குக்கு எதிரில் உயரமாக இருப்பது அது ஒன்றுதான். எட்டு என்று எழுதியிருக்கும் மாடியில், இடது பக்கம் கடைசி ரூம். ஒருவர் அந்த ஜன்னலில் நில்லுங்கள். பிள்ளைகளை நீலக் கோபுரத்தில் ஏற்றி, ஒரு மாடி மேலே பார்த்துக் கை ஆட்டச் சொல்லுங்கள். தலைக்கு மேல் ஆட்டுவது தெரிகிறதா? தெரிந்தால் ஒரு வரி எழுதுங்கள். யாழினியிடம் காட்ட வேண்டும்.