தீத்திவிட ஆளில்லாத பள்ளிக்கூடம்

மகளை சிட்னியில் ஹோம்புஷ் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கிண்டர் வகுப்புக்குப் பதிந்தபோது ஒரு தாள் தந்தார்கள். வகுப்புக்கு வருகிற பிள்ளை எதையெல்லாம் தானாகச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியல் அது. பெயரும் விலாசமும் சொல்ல வேண்டும். பொத்தான் பூட்ட வேண்டும். மூக்குச் சிந்த வேண்டும். கக்கூசுக்குத் தனியே போய் வர வேண்டும். சப்பாத்து லேஸ் கட்டத் தெரிந்தால் இன்னும் நல்லது.

நானும் மனைவியும் ஒரு மாதம் இதே வேலையாக இருந்தோம். சோதனைக்கு விழுந்து விழுந்து படித்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், கப்பலில் வெங்காயம் உரித்தேன், ஆஸ்திரேலியாவில் இறங்கி மில்டூராவில் திராட்சை பறித்தேன், கடைசியில் சிட்னிப் பழச் சந்தையில் பெட்டி இறக்க வந்து சேர்ந்தேன். இங்கே முதல் ஆறு மாதம் ஒருவருடைய கராஜில் படுத்தேன். மழைக்கு ஒழுகவில்லை, ஆகவே குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள், ஃபிளாட் ஒன்று எடுத்தோம்.

நான் வேலையும் நித்திரையுமாக இருக்க, அந்த ஃபிளாட்டின் இரண்டாம் மாடியில் மனைவி ஒரு வருஷம் மகளோடு தனியே இருந்தாள். தெருவில் தமிழ் பேச ஒருவரும் இல்லை. கீழ் வீட்டு கிரேக்கப் பெண் ஒருத்திதான் அவளுக்கு ஒரு பிஸ்கட் ஃபாக்டரியில் இடம் பிடித்துக் கொடுத்தாள். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கி மூன்றாம் திங்கட்கிழமை வேலைக்கு வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். மனைவி அந்தத் திங்களுக்காகவே உயிரோடு இருந்தாள் என்று சொன்னால் அது கூடுதல் இல்லை.

பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் நாள் சாப்பாட்டுப் பெட்டி கட்டியது கட்டியபடி வீட்டுக்கு வந்தது. சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், பக்கத்தில் ஒரு சின்னக் கரண்டி. இரண்டாம் நாளும் அப்படித்தான்.

"ஏன் பிள்ளை சாப்பிடேல்லை?" என்று மனைவி கேட்டாள்.

"ஒருத்தரும் தீத்தேல்லை."

"நீ மிஸ்ஸிட்டைச் சொன்னனியோ?"

"இல்லை. மிஸ்ஸுக்குக் கனபேர், அம்மா. என்ர முறை வாறதுக்குள்ள மணி அடிச்சிட்டுது."

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வரிசையில் தன் முறைக்காக மரியாதையாகக் காத்திருந்திருக்கிறாள். நாங்கள் பட்டியலைப் புரட்டிப் பார்த்தோம். சாப்பிடுவது அதில் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது தெரியாமல் இருக்கும் என்று தாளை அடித்தவர்களுக்குத் தோன்றவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை தானாகச் சாப்பிட வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. பிஸ்கட், வாழைப்பழம் எல்லாம் அவள் தானே தின்பாள். அது தீன். சோறு என்றால் அம்மா பிசைந்து உருட்டி வாயில் வைத்துத் தீத்த வேண்டும், அதுதான் சாப்பாடு.

வெள்ளிக்கிழமை மிஸ் என்னைக் கூப்பிட்டார். இளம் பெண், நீலக் கண், தொண்டை கட்டிய குரல். முப்பது பிள்ளைகளோடு ஒரு கிழமை கத்தினால் யாருக்கும் கட்டும். மகள் மத்தியானத்துக்குப் பிறகு சோர்ந்து பாயிலேயே நித்திரை கொள்கிறாள் என்றார்.

"கையில் ஏதாவது பிரச்சினையா?"

"இல்லை. வீட்டில் தாய் வாயில் வைப்பாள்."

என் ஆங்கிலம் கப்பலிலும் சந்தையிலும் பொறுக்கியது. அதில் பாதி ஒரு ஆசிரியைக்கு முன் சொல்லக்கூடிய சொற்கள் இல்லை. அதனால் நான் சுருக்கமாகத்தான் பேசுவேன். மிஸ் மகளின் விரல்களைப் பார்த்தார். கத்தரிக்கோல் பிடிக்கிறாள், தூரிகை பிடிக்கிறாள், மணி கோர்க்கிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, சில பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு வருஷம் வீட்டில் இருப்பது நல்லது, அடுத்த வெள்ளி முடிவெடுக்கலாம் என்றார்.

அடுத்த வெள்ளிக்கு அடுத்து வருவதுதான் அந்தத் திங்கள்.

சனியும் ஞாயிறும் குசினி மேசையில் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு நாங்கள் எதிரே கதிரையில் இருந்தோம். மகள் சோற்றைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், கைகளைத் தலைமேல் வைத்துக்கொண்டாள். மிஸ் "எல்லாரும் கை தலையில்" என்றால் அப்படிச் செய்ய வேண்டுமாம். அரை மணித்தியாலம் போனது.

"இஞ்சாருங்கோ, பிள்ளை காஞ்சு போகுது," என்றாள் மனைவி.

"விடு. பசிச்சா தின்பாள்."

"நீங்கள் தெருநாயோட வளந்த ஆள். உங்களுக்குத் தெரியாது," என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவி வந்து தீத்தினாள். அவள் சொன்னது சரிதான்.

சந்தை வேலை பதினொரு மணிக்கு முடிந்துவிடும். திங்கட்கிழமை நான் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய், பின்பக்கத்துக் கம்பி வேலியோரம் குந்தினேன். முதல் நாளே சொல்லி வைத்தபடி மகள் பெட்டியைக் கொண்டுவந்து வேலிக்கு அடியால் தள்ளினாள். நான் பிசைந்து, கம்பிக் கண்ணுக்குள் நுழைகிற அளவில் உருட்டி நீட்டினேன். அவள் வாயைக் கம்பியோடு வைத்து வாங்கினாள்.

தீத்துகிற நேரம் வகுப்புக் கதையெல்லாம் வரும். ஒவ்வொருவருக்கும் பை கொழுவ ஒரு கொக்கி, கொக்கிக்கு மேலே ஒரு படம். அவளுக்குக் குடை. பாயில் சப்பணம் கட்டி இருக்க வேண்டும், அதில் அவள்தான் முதல், மற்றப் பிள்ளைகள் முழங்கால் நோகிறது என்று அழுகிறார்கள். நிறக் குச்சிகளை அடுக்கிக் கணக்குச் செய்கிறார்கள். காலையில் ஒவ்வொருவராக எழும்பி வீட்டுச் செய்தி சொல்ல வேண்டும்.

"நீ என்ன சொன்னனி?"

"அப்பா வேலியில வந்து நிப்பார் எண்டு."

இரண்டாம் நாள் முகமெல்லாம் புள்ளி விழுந்த ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து நின்றாள்.

"அது என்ன?"

"சோறு."

"என் அம்மா சோற்றில் பாலும் சீனியும் போடுவாள்."

"அதுவும் நல்லது," என்றேன்.

அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாயை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை நிற்கும்போது மனிதன் என்ன செய்வான். ஒரு உருண்டை வைத்தேன். புதன்கிழமை ஐந்து வாய்கள் வேலியில் ஒட்டியிருந்தன, ஐந்து சாண்ட்விச்சும் குப்பைத் தொட்டியில் கிடந்தன. மிஸ் பின்னால் வந்து நின்றதை நான் காணவில்லை.

அவர் கோபிக்கவில்லை. சிரிப்பை அடக்குவது போலவும் இருந்தது. ஆனால் சொன்னது தெளிவு. நாளையும் வெள்ளியும் நீங்கள் வரக்கூடாது, அவள் மற்றவர்களோடு முற்றத்து வாங்குப் பலகையில் இருந்து தானாகச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பார்ப்போம்.

வேலிக்குப் போகவில்லை. வியாழக்கிழமை எதிர்ப்பக்க பஸ் நிறுத்தத்தில் நின்றேன், அதற்கு யாரும் தடை சொல்லவில்லை. அங்கிருந்து வாங்கு தெரியும். மகள் பெட்டியை மடியில் வைத்து, மூடியைத் திறக்காமல், நேரே பார்த்தபடி இருந்தாள். பக்கத்தில் புள்ளி முகப் பிள்ளை. ஐந்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு வேலியைப் பாய்ந்துவிடலாம் போல இருந்தது, கப்பலில் ஒருமுறை அதைவிட உயரமானதைப் பாய்ந்திருக்கிறேன்.

பிறகு புள்ளி முகம் மூடியைத் தானே திறந்தது. சோற்றைப் பார்த்தது. மகளைப் பார்த்து வாயைத் திறந்தது.

மகள் அந்த வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையை யூனிஃபோர்மில் துடைத்தாள். சோற்றுக்குள் விரலை விட்டுப் பிசைந்தாள், உருட்டினாள், கொஞ்சம் சிந்தியது, மிச்சத்தை அந்த வாய்க்குள் வைத்தாள். அடுத்த பக்கத்திலிருந்து இன்னொரு வாய் வந்தது. அப்போது பார்த்து பஸ் வந்து முன்னால் நின்றது. ஏறுகிறாயா என்று சாரதி கேட்டான், இல்லை என்றேன், பிறகு ஏன் நிற்கிறாய் என்றான். பஸ் போனபோது வாங்கு வெறுமையாக இருந்தது, பிள்ளைகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

பின்னேரம் பெட்டி காலியாக வந்தது. ஆனால் காலிப் பெட்டி எதையும் நிரூபிக்காது. மனைவி மகளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

"நீ சாப்பிட்டனியோ?"

"ஓம்."

"ஆர் தீத்தினது?"

"நான்தான்."

"ஆருக்கு?"

"எல்லாருக்கும். பிறகு எனக்கும் தீத்தினனான்."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மிஸ்ஸின் முன்னால் போய் நின்றேன். மிஸ் ஒரு தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அவள் இருக்கலாம். இரண்டு நாளும் தானே சாப்பிட்டாள், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்."

நான் நன்றி சொன்னேன். அவர் கையை உயர்த்தினார்.

"ஆனால் ஒன்று. இன்று காலை மூன்று தாய்மார் வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் நேற்று ராத்திரி முள்ளுக்கரண்டியைத் தொட மாட்டோம் என்று வாயைத் திறந்துகொண்டு இருந்தார்களாம். உங்கள் மகளிடம் சொல்லுங்கள், இனி தனக்கு மட்டும் போதும்."

சொல்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து படியேற முன்னமே மனைவி மேலிருந்து என் முகத்தைப் பார்த்துவிட்டாள். உள்ளே போய் ஃபாக்டரியில் முன்னமே தந்திருந்த வெள்ளைத் தொப்பியை எடுத்துக் கண்ணாடி முன் போட்டுப் பார்த்தாள்.

"அப்ப நான் திங்கள் போறன்."

"ஓம், போ."

போனாள், பதினொரு வருஷம் போனாள். ராத்திரிச் சோற்றை மட்டும் மகளுக்கு ஒன்பது வயது வரைக்கும் அவளே தீத்தினாள். அதை நாங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லவில்லை.