மேட்டுத்தெரு வால்வு

ஊருக்கு அவள் வால்வு அக்கா. சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும்தான் தேவைப்பட்டது. "அக்கா சிரிச்சா தண்ணி வரும், முறைச்சா காத்து வரும்" என்று மேட்டுத்தெருப் பெண்கள் குடத்தை வைத்துக்கொண்டே கேலி செய்வார்கள். "ரெண்டும் வராம இருந்தா நான் சாப்பிடப் போயிருக்கேன்னு அர்த்தம்" என்பாள் அவள்.

ஊரை ஒட்டிய சின்னக் குன்றின் உச்சியில் குடிநீர்த் தொட்டி. அதன் காலடியில் ஒற்றை அறை. பாதி அறையை மோட்டாரும் சுவிட்ச் பெட்டியும் பிடித்துக்கொண்டன. மீதியில் ஒரு மேசை, ஒரு ஸ்டூல், இடுப்பு உயரத்தில் மூன்று இரும்புச் சக்கரங்கள். ஒன்றைத் திருகினால் பள்ளத்தெருவுக்குத் தண்ணீர். அடுத்தது மேட்டுத்தெரு வீடுகளுக்கு. மூன்றாவது, மேட்டுத்தெரு முக்கில் தீயணைப்பு வண்டிக்கென்று நட்டு வைத்திருந்த குழாய்க்கு; அது எப்போதும் திறந்தே கிடக்கும். கணவர் பார்த்த வேலை அது. அவர் கண்மூடிய பிறகு அவளுக்கு வந்தது. வேலையோடு சேர்ந்து ஊராரின் வசவும் வந்தது. இரண்டையும் அவள் ஒழுங்காகத்தான் வாங்கிக்கொண்டாள்.

பிள்ளை இல்லை. ஆனால் பிள்ளை இல்லாதவள் என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பொத்துக்கொண்டு வரும். தொட்டிலில் கிடந்த தம்பியை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தாய் போய்ச் சேர்ந்தாள். கல்யாணமாகிப் போனபோது அவள் கூடவே கொண்டுபோன ஒரே சீர், மூக்கொழுகிக்கொண்டிருந்த அந்தத் தம்பி. இன்று அவன் தச்சன். மேட்டுத்தெருவின் கடைசி வீடு அவனுடையது. கதவு, ஜன்னல், அலமாரி, மகள் படுத்த தொட்டில், எல்லாம் அவனே இழைத்தது. அந்த வீட்டுக்குப் பின்னால் வேறு வீடு கிடையாது. காடுதான்.

முன்பு ஒருமுறை அந்தக் காடு பற்றி எரிந்து, ஊரின் வாசல்வரை வந்து திரும்பிப் போயிருந்தது. அப்போது அதிகாரத்தில் இருந்த பெரியவர்கள் வந்தார்கள். கரண்ட் போனாலும் மோட்டார் ஓட ஜெனரேட்டர் தருகிறோம் என்றார்கள். வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் புதரை அகலமாக வெட்டி வெறும் தரையாக்குகிறோம் என்றார்கள். ஜெனரேட்டர் வைக்க சிமெண்ட் மேடை கட்டினார்கள். மேடைக்குத் திறப்பு விழா நடத்திக் கல்வெட்டும் பதித்தார்கள். ஜெனரேட்டர் மட்டும் வரவில்லை. புதரை, கார் வந்து நின்ற இடத்திலிருந்து கேமராவுக்குத் தெரிந்த தூரம்வரை வெட்டினார்கள். தச்சன் வீட்டுப் பக்கம் கேமரா திரும்பவே இல்லை.

கேட்டால், "டெண்டர்ல இருக்கு" என்பார் உதவிப் பொறியாளர்.

"டெண்டர்ங்கிறது தூரத்து ஊரு போல" என்பான் தம்பி. "போனது எதுவும் திரும்பி வர மாட்டேங்குது."

சிரித்தார்கள். சிரிக்க மட்டும்தானே முடிந்தது.

அந்தக் கோடையில் ஒரு நண்பகல். காற்று காலையிலிருந்தே பேய் பிடித்ததுபோல் சுழன்றது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோதே கரண்ட் நின்றது. வெளியே வந்து பார்த்தாள். காட்டின் முதுகில் புகை. முதலில் நூலாக, பிறகு கயிறாக, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூரையாக.

பொறியாளருக்குப் போன் போட்டாள்.

"சார், கரண்ட் போயிடுச்சு. காட்டுல தீ தெரியுது."

"கம்பி உரசிடும்னு கரண்ட் ஆபீஸ்லயே நிறுத்திட்டாங்கம்மா. காத்து நின்னா போடுவாங்க."

"காத்து நிக்கிறதுக்குள்ள தொட்டி காலியாயிடும் சார். எல்லாரும் மொட்டைமாடில ஹோஸ் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. இருக்கிற பானை சட்டியெல்லாம் ரொப்புறாங்க. மேட்டுத்தெரு வீடுகளை மூடிட்டு வண்டிக்கு மட்டும் தண்ணி வைக்கட்டுமா?"

"நீயா எதையும் தொடாதே. ஏற்கெனவே தண்ணி மெதுவா வருதுன்னு எனக்கு ஏகப்பட்ட போன். மேலிடத்துல கேட்டுட்டுச் சொல்றேன்."

"ஜனங்களைக் கிளம்பச் சொல்லியாச்சா சார்?"

"அது வேற டிபார்ட்மெண்ட்மா."

போன் அணைந்தது. தீப்பற்றிய பிறகு கிணறு வெட்டுவார்கள் என்பார்கள். இவர்கள் வெட்டலாமா என்று மேலிடத்தில் கேட்கப் போயிருந்தார்கள்.

தொட்டியின் பக்கவாட்டில் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயை அவள் நிமிர்ந்து பார்த்தாள். பாதிக்கும் கீழே வந்திருந்தது. ஊர்க்காரர்களைக் குற்றம் சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை. கிளம்பு என்று சொல்ல நாதி இல்லாத ஜனம், கையில் கிடைத்த குழாயைத் திறந்துவிட்டது. பள்ளத்தெருச் சக்கரத்தை உடனே மூடினாள். தீ அந்தப் பக்கம் இல்லை, வசவு மட்டும்தான் வரும். மேட்டுத்தெருச் சக்கரத்தில் கை வைத்தாள். எடுத்துவிட்டாள்.

அங்கிருந்து மேட்டுத்தெரு முழுதும் தெரியும். கூப்பிட்டால் கேட்காது, கண்ணுக்கு எட்டும், அவ்வளவு தூரம். வேன்களிலும் பைக்குகளிலும் ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கடைசி வீட்டு மொட்டைமாடியில் ஓர் உருவம் மட்டும் கிளம்பாமல் நின்றது. கையில் ஹோஸ். வேட்டியை மடித்துக்கட்டிய அந்த நிற்பை எந்தப் புகையிலும் அவளுக்கு அடையாளம் தெரியும்.

போன் போட்டாள். "இறங்குடா."

"தண்ணி நல்லா வருதுக்கா. நனைச்சுக்கிட்டே இருந்தா ஒண்ணும் ஆகாது."

"பின்னாடி புதர் அப்படியே இருக்குடா கழுதை. அது பத்துச்சுன்னா உன் ஹோஸ் என்ன பண்ணும்?"

"அதனாலதான் நிக்கிறேன். அவங்க வெட்டல, நான் நனைக்கிறேன்."

"வீடு போனா இன்னொண்ணு கட்டலாம்."

"நீ கட்டினியா, சொல்ல வந்துட்ட?" கத்தினான். உடனே தணிந்தான். "அக்கா, தண்ணிய மட்டும் நிறுத்திடாதே. தண்ணி இருக்கிற வரைக்கும் நான் இங்கதான்."

வைத்துவிட்டான்.

குன்றின் பாதையில் தம்பி மனைவி ஓடி வந்தாள். காலில் செருப்பு இல்லை. மகளைப் பக்கத்து வீட்டு வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, நேராக நாத்தனாரிடம் வந்திருந்தாள். வாசற்படியில் வந்து விழுந்தாள் என்றே சொல்லலாம்.

"அண்ணி, அவர் வர மாட்டேங்கிறார். கையப் பிடிச்சு இழுத்தேன், தள்ளிவிட்டுட்டார். நீங்க சொன்னா கேப்பார்."

"சொல்லிட்டேன். கேக்கல."

"அப்ப தண்ணியையாவது வேகமா விடுங்க அண்ணி. மத்த வீட்டையெல்லாம் மூடி எங்க வீட்டுக்கு மட்டும் விடுங்க. உங்க தம்பி வீடுதானே?"

அப்படி ஒரு வழி இருந்தால் அவள் பாவ புண்ணியம் பார்க்காமல் செய்திருப்பாள். ஒரு தெருவுக்கு ஒரே சக்கரம். அதில் சொந்தம் பந்தம் பிரித்துவிட முடியாது.

அப்போது போன் அடித்தது. தீயணைப்பு வண்டி ஓட்டுநர்.

"அக்கா, வந்துக்கிட்டே இருக்கோம். ஒரு வண்டிதான். இன்னொண்ணு ரிப்பேர்ல நிக்குது. இதுலயும் பாதித் தண்ணிதான் இருக்கு. முக்குக் குழாயில கிடைக்குமா?"

அவள் கண்ணாடிக் குழாயைப் பார்த்தாள். அடிமட்டத்தில் விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஆடியது.

"வாங்க" என்றாள். "கிடைக்கும்."

அறைக்குள் போனாள். மேட்டுத்தெருச் சக்கரத்தை இரண்டு கைகளாலும் பிடித்தாள். தம்பி மனைவிக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பற்றினாள்.

"என்ன பண்றீங்க? அவர் மேல நிக்கிறார் அண்ணி. அவர் கையில இருக்கிறது அந்தத் தண்ணி மட்டும்தான்."

"அது இருக்கிறதாலதான் நிக்கிறான்."

"எங்க வீடு அண்ணி."

"தெரியும்டி. கடன் வாங்கும்போது நான்தான் கூட வந்து நின்னேன். வீடு வேணுமா, அவன் வேணுமா? சீக்கிரம் சொல்லு."

வெளியே காற்று திசை மாறியது. காடு உறுமும் சத்தம் முதல்முறையாகக் குன்றுவரை கேட்டது. மணிக்கட்டைப் பிடித்த விரல்கள் முதலில் இறுகின. பிறகு தளர்ந்தன. பிறகு, நாத்தனார் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தன. சக்கரத்தின் மறுபக்கத்தைப் பற்றின.

துருவேறிய சக்கரம் லேசில் அசையவில்லை. இரண்டு பெண்களும் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினார்கள். ஒருத்தி தான் வளர்த்தவனின் வீட்டைக் கொளுத்திக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி தான் வாழ்ந்த வீட்டை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சக்கரம் கடைசித் திருப்பில் இறுகி நின்றது.

வெளியே ஓடி வந்தார்கள்.

மொட்டைமாடியில் ஹோஸின் நீர் வளைந்து, சிறுத்து, சொட்டி, நின்றது. அவன் ஹோஸை உதறினான். மறுபடி உதறினான். பிறகு மெதுவாகத் திரும்பிக் குன்றைப் பார்த்தான். அத்தனை தூரத்தில் முகம் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பும் அக்காவை முதல் நாள் அவன் அப்படித்தான் பார்த்தான்.

அவள் கையில் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தால் சக்கரத்தைத் திறந்துவிடுவோம் என்ற பயத்தில் அவள் அதை எடுக்கவே இல்லை.

"இறங்குங்க" என்று பக்கத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள் அவன் மனைவி. "இறங்குங்க, இறங்குங்க."

அவன் இறங்கவில்லை. அப்படியே நின்றான். அவன் பிடிவாதம் தண்ணீரோடு தீர்ந்துவிடும் என்று எண்ணியது தப்புக் கணக்கோ? வீட்டின் பின்னால் புதர் பற்றியது. பற்றியது என்று கூடச் சொல்ல முடியாது, வெடித்தது. புகை மொட்டைமாடியின்மீது சாய்ந்து, மூடியது. விலகியபோது அங்கே ஆள் இல்லை.

படி வழியாக இறங்கினானா, விழுந்தானா? யாரைக் கேட்பது? தெரு முழுதும் கறுத்துக் கிடந்தது. தீயணைப்பு வண்டியின் மணிச்சத்தம் எங்கோ கேட்டது. பெற்ற தெய்வங்களையும் கல் தெய்வங்களையும் அவள் ஒன்றாகக் கூப்பிட்டாள். கூப்பிட்டு முடிப்பதற்குள் புகைக்குள்ளிருந்து ஓர் ஆள் முக்கை நோக்கி ஓடி வந்தான். வேட்டி இல்லை, அரைக்கால்சட்டை மட்டும். அறுந்த ஹோஸ் துண்டைக் கையில் இழுத்துக்கொண்டே வந்தான், விட மறந்துபோய்.

தம்பி மனைவி அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். வால்வு அக்கா உட்காரவில்லை. உள்ளே போய் மூன்றாவது சக்கரம் முழுசாகத் திறந்திருக்கிறதா என்று பார்த்தாள்.

தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீர் முக்குக் குழாய் வழியே வண்டிக்கு உதவியது. காட்டை ஒட்டிய கடைசி வீடுகள் போயின. மற்றவை கறுத்துப்போய் நின்றன. எல்லாம் அடங்கிய பிறகுதான் ஒலிபெருக்கி வண்டி வந்தது. "பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்" என்று சாம்பலுக்குச் சொல்லிவிட்டுப் போனது.

வீடிழந்தவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். தம்பி அக்காவிடம் பேசவில்லை. அவள் எதிரே வந்தால் எழுந்து வேறு வகுப்பறைக்குப் போனான். மனைவியிடமும் சரியாகப் பேசவில்லை. சொந்தமாக இழைத்த ஒரு கட்டைகூட மிஞ்சாதவன், யாரிடம் என்ன பேசுவான்?

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். கரும்பலகையில் அழிக்காமல் விட்ட வாய்ப்பாட்டுக்கு முன்னால், ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். பொறியாளர் பக்கத்தில் நின்றார். குழந்தைகளின் குட்டி பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

"தீ வர்ற நேரத்துல வீடுகளுக்குப் போற தண்ணிய மூடியிருக்கீங்க. யார் உத்தரவு?"

"யாரும் சொல்லல சார். நானாத்தான் மூடினேன்."

"தொடாதேன்னு நான் தெளிவாச் சொன்னேன்" என்றார் பொறியாளர். ஆறுதலடைந்த முகம் அவருக்கு. ஊர் எரிந்த பழியைப் போட ஒரு கை கிடைத்துவிட்டது. வளையல் போட்ட கை.

"தனியா மூடல." பின் பெஞ்சிலிருந்து தம்பி மனைவி எழுந்தாள். "நானும் சேர்ந்துதான் சுத்தினேன்."

தம்பி திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் தலைகுனியவில்லை.

அதிகாரி அவன் பக்கம் திரும்பினார். "உங்க வீடுதான் முதல்ல போயிருக்கு. தண்ணி நின்னதாலதான் எரிஞ்சதுன்னு நீங்க சொன்னா எழுதிக்கிறேன். மேல நடவடிக்கை எடுக்கலாம்."

வால்வு அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேலை போவது பற்றி அவள் நினைக்கவில்லை. தம்பி வாயால் அதைக் கேட்க வேண்டியிருக்குமே என்றுதான் நினைத்தாள்.

"தண்ணி நின்னுச்சு" என்றான் அவன். "நான் இறங்கினேன். நிக்கலேன்னா இறங்கியிருக்க மாட்டேன். அதை எழுதிக்கோங்க."

"வீடு எரிஞ்சதுக்குக் காரணம்னு என்ன எழுதறது?"

"வெட்டறேன்னு சொன்ன புதர் என் சமையலறை ஜன்னல் வரைக்கும் வந்து கிடந்துச்சு. சாம்பல் இன்னும் இருக்கு. என்கூட வாங்க, காட்டறேன். பார்த்துட்டு எழுதுங்க."

பொறியாளர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். அதிகாரி பேனாவை மூடினார். அந்த இடத்தைப் பார்க்க அவர் போனாரா என்றால், அன்று போகவில்லை. வேறு ஒரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கூட்டம் கலைந்தது. அக்கா வாசலைத் தாண்டும்போது பின்னால் குரல் கேட்டது.

"உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே."

அவள் திரும்பினாள். எரிந்த புருவத்தோடும் கொப்புளம் வெடித்த கையோடும் தம்பி நின்றான். அந்தக் கையைப் பிடிக்கத் துடித்தது அவளுக்கு. பிடிக்கவில்லை.

"நினைக்கலடா" என்றாள். "உசுரோட இருந்து எத்தனை நாள் வேணும்னாலும் திட்டு. நான் கேட்டுக்கிறேன்."