பழவேற்காட்டு மரத்திருகும் ஆப்பிள் பிழியும் எந்திரமும்

போன வாரம் ஒரு வாசகி பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்: "சென்னையிலிருந்து காலையில் கிளம்பிப் பழவேற்காட்டைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடியுமா?" முடியும். நான் முதன்முதலில் அப்படிப் போய் வந்தது 1956 மார்ச் மாதம். கரி இன்ஜின் ரயிலில், மடியில் தையல் டேப்போடு. பறவை பார்க்கவும் போகவில்லை, ஏரி பார்க்கவும் போகவில்லை. குன்னூரில் விளைகிற ஆப்பிளைப் பிழிய ஒரு எந்திரம் வேண்டியிருந்தது, அதற்காகப் போனேன். ஆப்பிளுக்கும் பழவேற்காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம். புளியந்தோப்பில் குடியிருந்தோம். என் கணவர் கஜபதி ஓர் இரும்புப் பட்டறையில் எந்திரங்களுக்குப் படம் வரைகிறவர். நான் வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுப்பேன். குன்னூர்ப் பக்கம் ஆப்பிள் தோட்டம் வைத்திருந்த ஒருவர், அடிபட்டு விலைபோகாத பழங்களைப் பிழிந்து சாறும் காடியும் (வினிகர்) தயாரிக்க ஓர் எந்திரம் கேட்டு அந்தப் பட்டறைக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். (வெளிநாட்டில் அந்தச் சாற்றைப் புளிக்க வைத்து சைடர் என்று குடிப்பார்களாம். இங்கே மதுவிலக்குக் காலம். அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.)

எந்திரத்தில் இரண்டு பகுதி. முதலில் பழத்தை நசுக்க வேண்டும், பிறகு நசுக்கியதைப் பிழிய வேண்டும். முழு ஆப்பிளை எவ்வளவு அழுத்தினாலும் அது சாற்றை லேசில் விடாது. நசுக்குவதற்கு என் கணவர் பல் வைத்த இரண்டு உருளைகளைச் செய்திருந்தார். கைப்பிடியைச் சுற்றினால் ஆப்பிள் உள்ளே போய்த் துவையல்போல வெளியே வரும். அந்தத் துவையலை இடுக்கு விட்டு ரீப்பர் சட்டங்கள் அடித்த ஒரு மரத்தொட்டியில் கொட்டி, மேலே பலகை வைத்து, இரும்புத் திருகால் அழுத்த வேண்டும். மார்க்கெட்டில் வாங்கிய ஒரு பெட்டி ஆப்பிளில் சோதனை நடந்தது. ஓரத்தில் கொஞ்சம் சாறு வந்தது. பிறகு ரீப்பர் இடுக்கு வழியே துவையலே பீய்ச்சி அடித்தது. நடுவில் இருந்ததோ அப்படியே சொதசொதவென்று கிடந்தது. இவர் இன்னும் இறுக்கினார். திருகின் மரை தெறித்துப் போனது.

பட்டறை முதலாளி கோபப்படவில்லை. "ஜூன்ல பழம் வந்துடும் கஜபதி. உன்னால ஆவலன்னா இப்பவே சொல்லிடு, வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டு இவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். திருகு சிறியது, அதனால்தான் தோற்றது, பெரிய திருகு வேண்டும் என்பது இவருடைய முடிவு. அப்போதுதான் பட்டறைக்கு மரம் கொடுக்கும் வியாபாரி ஒரு தகவல் சொன்னார். பழவேற்காட்டில் ஒரு பாய் வீட்டில், டச்சுக்காரர்கள் காலத்தில் துணிப்பொதி அமுக்கிய மரத்திருகு ஒன்று இன்னும் நிற்கிறது, ஆள் தொடையைவிடப் பெரியது.

"ஆனா அது பொம்பளைங்க பொழங்குற முத்தத்துல கீது. உன்ன உள்ள உட மாட்டாங்க. ஊட்டம்மாவ இட்டுக்கினு போ" என்றாராம்.

இப்படித்தான் நான் போனேன்.

காலை ஆறு இருபதுக்குப் பேசின் பிரிட்ஜில் ரயில் ஏறினோம். பொன்னேரிக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஆளுக்குப் பத்தணா. ஏழே முக்காலுக்கு இறங்கி, ஸ்டேஷன் வாசலில் இட்லி சாப்பிட்டுவிட்டு, எட்டரை மணி பஸ்ஸைப் பிடித்தோம். பன்னிரண்டு மைல், ஆறணா. வழியெல்லாம் வயல், பிறகு பனை, பிறகு உப்புக் காற்று. கூடைகளோடு ஏறிய மீன்காரப் பெண்கள் இவருடைய சுருட்டிய காகிதங்களைப் பார்த்து, "இன்னா நைனா, ரோடு போடப் போறீங்களா?" என்று கேட்டார்கள். இவர் சிரிக்கக்கூட இல்லை. ஒன்பதே முக்காலுக்குப் பழவேற்காடு.

பாய் ஓலைக் கூடையும் கருவாடும் சென்னைக்கு அனுப்புகிற வியாபாரி. ஐம்பது வயது இருக்கும். மர வியாபாரி கொடுத்த சீட்டைப் படித்ததும் இவரை முன்கூடத்தில் உட்கார வைத்தார். என்னை உள்ளே அனுப்பினார். உள்ளே என்னைக் கைப்பிடித்து அழைத்துப் போனது அவருடைய மருமகள் ரஹமத்து. என் வயதுதான், பத்தொன்பது இருபது. நான்கு மாதக் குழந்தை இடுப்பில்.

முற்றத்துக்குள் கால் வைத்ததும் நான் அண்ணாந்து பார்த்தேன்.

இரண்டு தூண்கள். ஒவ்வொன்றும் ஒரு முழு மரம். அடியில் கருங்கல் மேடை. மேலே இரண்டையும் இணைத்து ஓர் உத்தரம். அதன் நடுவிலிருந்து இறங்கி வந்தது அந்தத் திருகு. என் இரண்டு கையாலும் கட்டினால் கை விரல்கள் தொட்டுக்கொள்ளும், அவ்வளவு பருமன். அதில் மேலிருந்து கீழ்வரை மரை வெட்டியிருந்தார்கள். இரும்பில் இல்லை, மரத்தில், உளியால். விரலை வைத்துப் பள்ளத்தோடு ஓட்டினால் எங்கும் ஒரு பிசிறு தட்டவில்லை. எத்தனை தலைமுறைக் கை எண்ணெய் தேய்த்ததோ, கண்ணாடிபோல் இருந்தது. நான் கோயில் சிற்பம் பார்த்திருக்கிறேன். ஒரு வேலைக் கருவியைப் பார்த்துக் கைகூப்பத் தோன்றியது அன்றைக்குத்தான்.

டேப்பை எடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இவர் குரல்.

"மரகதம்! மரைக்கும் மரைக்கும் எவ்ளோ?"

"ஒன்னேகால் அங்குலம்!"

"எல்லாம் ஒரே அளவா? நல்லாப் பாரு!"

பத்தொன்பது மரையையும் அளந்தேன். ஒரு நூல்கூட மாறவில்லை. இதைக் கத்திச் சொன்னேன். "கையாலயா வெட்டினாங்க?" என்று இவர் குரல் மெதுவாகக் கேட்டது. வெட்டியவர் யாரென்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

ரஹமத்து சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். "அளந்து இன்னா செய்யப் போறீங்க அக்கா? நாங்க இதுல ஓலை அமுக்குவோம், பாக்குறீங்களா?" என்றாள். கூடை பின்னுவதற்காகச் சிவப்புச் சாயத்தில் தோய்த்த பனை ஓலை ஈரத்தோடு குவிந்து கிடந்தது. அதைத் திருகின் கீழே வைத்து அழுத்தி, நீரை வடித்து, தட்டையாக்குவார்கள். அவள் ஓலையை நாலு விரல் உயரம் பரப்பினாள். அதன்மேல் முரட்டு ஓலையில் பின்னிய வட்டமான ஒரு தடுக்கை வைத்தாள். மறுபடி ஓலை, மறுபடி தடுக்கு. ஏழு அடுக்கு.

"தடுக்கு எதுக்கு?"

"இல்லாட்டி நடுவுல கீற தண்ணி எந்த வழியா வரும்? ஓரந்தான் காயும். நடு ஓலை கறுத்து நாறிப் போயிடும்."

அவளும் அவள் நாத்தனாரும் ஆறடி நீளக் கழியைத் திருகில் செருகித் தள்ளினார்கள். கால் சுற்றுதான். உடனே கழியை விட்டுவிட்டு உட்கார்ந்து குழந்தையைக் கொஞ்ச ஆரம்பித்தார்கள். ஏன் நிறுத்திவிட்டார்கள் என்று நான் யோசிப்பதற்குள், ஒவ்வொரு தடுக்கின் விளிம்பிலிருந்தும், சுற்றிலும், சிவப்பு நீர் துளித்துளியாகக் கசிந்தது. துளிகள் கோடாகின. கல்மேடையின் பள்ளத்தில் ஓடி, சுவரில் இருந்த துளை வழியே வெளியே போயின. நீர் நின்றதும் எழுந்து மறுபடி கால் சுற்று. யாரும் மூச்சு வாங்கவில்லை.

என் மனசில் அந்த ஆப்பிள் தொட்டி வந்து நின்றது. ஓரம் காய்ந்து, நடு சொதசொதத்த அதே கதை. திருகு சிறியதாக இருந்தது காரணமே இல்லை. நடுவில் இருந்த சாற்றுக்கு வழி இல்லை!

முன்கூடத்துக்கு ஓடிப் போய்ச் சொன்னேன். இவர் அளவுகளைக் குறித்துக்கொண்டே, "ஓலைய அமுக்குறதும் ஆப்பிளப் பிழியுறதும் ஒன்னா? நீ அளந்தது போதும், வா, பன்னெண்டு மணி பஸ்ஸப் புடிக்கலாம்" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்நியர் வீட்டில் புருஷனோடு வாதாட எனக்கு அப்போது துணிச்சல் இல்லை. திரும்பி உள்ளே போய் ரஹமத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு கதவோரம் நின்று மாமனாரைக் கூப்பிட்டாள்.

"மாமா, காட்டுப்பள்ளித் தோப்புலேர்ந்து வந்த முந்திரிப் பழம் சும்மாத்தானே கெடக்குது? கொட்டைய எடுத்தாச்சு. அதப் பிழிஞ்சு காட்டட்டுமா?"

பாய் இவரைப் பார்த்தார். "அடுத்த பஸ் மூணு மணிக்குக் கீது தம்பி. சாப்டுட்டுப் போங்க. இன்னா கொறஞ்சிடப் போவுது?"

மேடையைப் பத்துக் குடம் தண்ணீர் விட்டுக் கழுவினோம். பழத்தை உரலில் போட்டு இடித்தேன். "ரொம்ப இடிக்காதீங்க அக்கா, கூழாயிட்டா வழியெல்லாம் அடைச்சிக்கும்" என்றாள் ரஹமத்து. இவருடைய உருளைகள் அரைத்த துவையலை நினைத்துக்கொண்டேன். புதுத் தடுக்குகள் எட்டு. ஒவ்வொன்றின் மேலும் இரண்டு விரல் கனத்துக்கு நசுக்கிய பழம். இந்தமுறை கழியின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன். ஆறடிக் கழியின் முனையில் நான் கொடுத்தது ஒரு குடம் தூக்குகிற பலம்தான். அது அந்த மரைகளின் வழியே இறங்கி, ஒரு வீட்டையே தூக்கி வைத்த பாரமாகப் பலகையில் உட்கார்ந்தது. உத்தரம் லேசாக முனகியது. கால் சுற்று. நிறுத்தினோம். காத்திருந்தோம்.

சுவருக்கு வெளியே, துளைக்குக் கீழே ஒரு பித்தளை அண்டாவை வைத்துக்கொண்டு இவர் நின்றிருந்தார். எந்திரத்தை அவரால் பார்க்க முடியாது. நாங்கள் எப்போது அழுத்துகிறோம் என்பதும் தெரியாது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு அண்டாவில் டப் டப்பென்று சத்தம். பிறகு சத்தம் ஒரே இழையானது.

"மரகதம்!"

"இன்னாங்க?"

"வருது... நிக்காம வருது!"

அந்தக் குரலை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. மழையைப் பார்த்த குழந்தையின் குரல். அண்டா முக்கால் நிறைந்தது. மேடையில் மிச்சமிருந்த சாயத்தால் சாறு லேசான ரோஜா நிறம். பலகையைத் தூக்கி நடுத் தடுக்கில் இருந்த சக்கையை எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். மரத்தூள்போல உதிர்ந்தது. அதை ஓர் இலையில் வைத்து வெளியே அனுப்பினேன். இவர் அதை விரலால் நிமிண்டி நிமிண்டிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததாகப் பாய் பிற்பாடு சொன்னார்.

சாற்றில் உப்புப் போட்டு எல்லோரும் குடித்தோம். தொண்டை கரகரத்தது. இடியாப்பமும் இறால் குழம்பும் போட்டார்கள். மூன்று மணி பஸ்ஸில் பாதி வழிவரை இவர் குறித்து வைத்த அளவுகளையே புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "காலைல நான் பேசினது தப்பு" என்றார். பொன்னேரி ஸ்டேஷனில் காகிதத்தை முழங்காலில் விரித்து, "முதல்லேர்ந்து சொல்லு. அவங்க மொதல்ல இன்னா வெச்சாங்க?" என்று கேட்டு வரைய ஆரம்பித்தார். ஆறேகாலுக்கு வீட்டில் விளக்கேற்றினேன்.

ஜூனுக்குள் எந்திரம் குன்னூர் போய்விட்டது. உருளைகளின் இடைவெளியை அகலப்படுத்தினார், பழம் துவையலாகாமல் கொரகொரப்பாக வந்தது. தொட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டார். ஓலைத் தடுக்கு மூன்று நாள் வேலைக்கே நைந்துபோனதால், முரட்டுத் துணியில் பழத்தைப் பொதிந்து, இடையிடையே தேக்கு ரீப்பர் தட்டுகள் வைத்தார். திருகு? அதே பழைய அளவுதான், மரையை மட்டும் புதிதாகப் போட்டார். பட்டறை முதலாளி வேறு ஆள் பார்க்கவில்லை. அதன்பிறகு திராட்சைக்கும் நெல்லிக்கும் என்று இவர் வரைந்த பிழி எந்திரங்கள் பல. எல்லாவற்றிலும் அந்த அடுக்கு இருக்கும். ஆனால் அத்தனைக்கும் மூலமான அந்த முற்றத்து எந்திரத்தை அவர் கடைசிவரை கண்ணால் பார்த்ததே இல்லை. என் வாய்ச் சொல்லிலிருந்துதான் வரைந்தார்.

இனி, போகப் போகிறவர்களுக்கு. பொன்னேரிக்கு இப்போது மின்ரயில் நிறைய இருக்கிறது. காலை ஆறு மணி வண்டியைப் பிடியுங்கள், வெயிலுக்கு முன்னால் ஏரிக்கரைக்குப் போய்விடலாம். கிளம்புமுன் திரும்பி வரும் பஸ்ஸின் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலைப் பார்க்காமல் வராதீர்கள். மார்ச், ஏப்ரலில் முந்திரிப் பழம் கிடைத்தால் உப்போடு சாப்பிடுங்கள், துணியில் பட்டால் கறை போகாது. ஓலைப் பொருள்களைப் பின்னுகிறவர்களிடமே நேராக வாங்குங்கள். எந்த வீடு, அந்தத் திருகு இன்னும் இருக்கிறதா என்று கேட்டு எழுதாதீர்கள், அது அவர்கள் வீடு.

இன்னொன்று. நீங்கள் போக முடியாத இடத்துக்குள் போகக் கூடிய ஒருவர் உங்களோடு வந்தால், அவர் கையில் டேப்பைக் கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள். வெளியே வந்து அவர் சொல்வதை உட்கார்ந்து கேளுங்கள். அடுத்த பஸ் மூன்று மணிக்குத்தான்.