சுடலைமணி பல்பை அவிழ்த்த நாள்

கூடலூர்ப் பக்கம் ஸ்ரீமதுரையில் என் அறைக்கு அடுத்த அறையில் சுடலைமணி தனியாகக் குடியிருக்கிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் அவர் குரலே கேட்காது; பேச ஆள் இருந்தால்தானே கேட்கும்? இப்படி ஒண்டிக்கட்டை ஆன கதையை அவரே எனக்குச் சொன்னார். கேட்ட நாளிலிருந்து எனக்கு அவர் மேல் பரிதாபமும் உண்டு, கோபமும் உண்டு. கோபம் கொஞ்சம் கூடுதல்.

எழுபதுகளின் கடைசியில் சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் அவர் எலெக்ட்ரீஷியன். அங்கே தூள் வரும் பெல்ட்டுக்கு மேலே ஒரு மின்காந்தம் தொங்கும். தூளோடு கலந்து வரும் ஆணி, கம்பித்துண்டு எல்லாவற்றையும் அது இழுத்துக்கொள்ளும். அதற்குள் இருப்பது ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய செப்புக்கம்பி. ஒருநாள் அந்தச் சுருளைக் கழற்றி, எங்காவது அறுந்திருக்கிறதா என்று இரண்டு டார்ச் பேட்டரியையும் ஒரு மீட்டரையும் வைத்துப் பார்த்தார். மீட்டரின் முள் மெதுவாக ஏறி நின்றது. சரி, நன்றாக இருக்கிறது என்று கம்பி முனை இரண்டையும் வெறுங்கையால் பிடித்தபடி ஒன்றைப் பேட்டரியிலிருந்து எடுத்தார். அடுத்த நொடி அலறிக்கொண்டு ஸ்டூலிலிருந்து கீழே விழுந்தார்.

ஓடி வந்த ஃபிட்டர் மாரப்பன், "என்னாச்சுங்க?" என்று கேட்டான்.

"பேட்டரி அடிச்சிருச்சு."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். டார்ச் பேட்டரியைச் சின்னப் பிள்ளைகள்கூட நாக்கில் வைத்துப் பார்க்கும். அது ஒரு எலெக்ட்ரீஷியனை அடித்ததாம்! அன்றிலிருந்து அவர் பெயர் பேட்டரி. இலை கொண்டுவருகிற லாரி டிரைவர்கூட அப்படித்தான் கூப்பிட்டான். அவர் விளக்கம் சொல்லச் சொல்லச் சிரிப்புத்தான் கூடியது. கடைசியில் யாரோடும் பேசுவதை நிறுத்திவிட்டார். டீ வேளையில்கூடத் தன் கொட்டகையை விட்டு வெளியே வருவதில்லை.

தூள் பிரிக்கும் அறையில் வேலை செய்த பாலாமணி மட்டும் அங்கே வருவாள். புருஷனை இழந்து தாய்வீட்டோடு இருந்தவள். அவளிடம் மட்டும் அவர் மனம்விட்டுப் பேசினார்.

"சுருளுக்குள்ள கரண்டு மெதுவாத்தான் ஏறும். ஓட ஆரம்பிச்சிட்டா, சடக்குனு நிக்கச் சொன்னா நிக்காது. கம்பியப் பிரிச்சா எந்த வழி கெடைக்குதோ அந்த வழியாப் பாயும். அன்னிக்கு என் கைதான் கெடைச்சுது. இப்ப சுருளோட ரெண்டு முனைக்கும் நடுவால ஒரு பல்பக் கட்டிட்டேன். பேட்டரிய எடுத்தா அது மினுக்குனு எரிஞ்சு அடங்கிரும். கை தப்பிச்சிரும்."

"நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றாள் பாலாமணி.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவர் பல மாதம் வாழ்ந்தார். உலகத்தில் ஒருத்தியாவது என்னை நம்புகிறாளே! அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்பது என்று முடிவு செய்தார். சம்பளத்துக்கு மறுநாள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு கொட்டகையில் காத்திருந்தார்.

அன்று பார்த்து மாரப்பன் நாலு பேரோடு வந்து சேர்ந்தான். சட்டையைப் பார்த்துக் கேலி, பிறகு வழக்கம்போல பேட்டரிக் கேலி. டீயோடு வந்த பாலாமணிக்குப் பொறுக்கவில்லை.

"அவரு பொய் சொல்ற ஆளில்லீங்க. குடுங்க, நானே புடிச்சுக் காட்டறேன்."

சுடலைமணிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. சோதிக்கக் கழற்றி வைத்திருந்த சுருளைச் சுற்றி எல்லோரும் நிற்க, அவள் அவர் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னாள்: "நீங்க கவலப்படாதீங்க. கையெடுக்கறப்ப அடிச்ச மாதிரி நான் கத்திப்போடறேன். அவங்க நம்பிருவாங்க."

அவள் நம்பவில்லை. ஒருநாளும் நம்பியதில்லை. அவர் மேல் இரக்கப்பட்டுத் தலையாட்டியிருக்கிறாள், அவ்வளவுதான். சுடலைமணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சுருளில் பல்பு கட்டியிருந்தது. அது இருந்தபடி இருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. அவள் கத்துவாள், மற்றவர்கள் வாயடைத்துப்போவார்கள், சாயங்காலம் இவர் கேட்க நினைத்ததைக் கேட்டிருப்பார். இந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? குனிந்து பல்பை அவிழ்த்து எடுத்தார்.

அவள் இரண்டு முனைகளையும் பிடித்துப் பேட்டரியில் அழுத்தினாள். ஒன்றும் இல்லை. மாரப்பன் இளித்தான். அவள் சுடலைமணியைப் பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டே ஒரு முனையை எடுத்தாள். கத்தக்கூட முடியவில்லை. பின்னால் தூக்கிப் போட்டதில் முழங்கை மேசையில் இடித்து, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாரப்பன் முகம் வெளுத்துவிட்டது. "நெசந்தானுங்க" என்று முணுமுணுத்தான். அதற்குப் பிறகு அந்த ஃபேக்டரியில் யாரும் அவரைப் பேட்டரி என்று கூப்பிடவில்லை.

பாலாமணி முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "பல்ப ஏனுங்க கழட்டுனீங்க?" என்று கேட்டாள். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவள் மறக்கவில்லை. அவள் அப்புறம் அந்தக் கொட்டகைப் பக்கம் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்துக் கூடலூரில் ஒரு கடைக்காரரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. "ஏனுங்க, உங்களுக்காக அத்தன பேரு முன்னால பொய் சொல்லத் துணிஞ்சாளே ஒருத்தி. அது போதாதுங்களா உங்களுக்கு?" என்று கேட்டேவிட்டேன்.

"அன்னிக்குப் போதலீங்க" என்றார் சுடலைமணி.