லேபிள் கழன்ற இரண்டு டியூப்

அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறாள். ஐஸ் குறைந்த பெட்டியைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. யாருடையது என்றெல்லாம் கேட்க மாட்டாள். உடைத்த ஐஸை அள்ளிக் கொட்டிவிட்டுத்தான் மறுவேலை. அந்த நல்ல மனசுதான் அன்று எனக்கு வினையானது.

செல்லுக்குள் கொழுப்பு மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றிவிடும் ஒரு புரதம் இருக்கிறது. என் முனைவர் பட்ட ஆய்வு அதைப் பற்றித்தான். அதைத் தேடிப்பிடிக்க ஊற்றும் ஆன்டிபாடி அந்தப் புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டால், ஆய்வகத்தில் எடுக்கும் படத்தில் கறுப்புக் கோடு விழும். நான் எழுதி வைத்த அத்தனையும் அந்தக் கோட்டை நம்பி எழுதியது. "அது வேற புரதத்துல ஒட்டலைன்னு என்ன நிச்சயம்?" என்று என் வழிகாட்டி சார் ஒருநாள் கேட்டார்.

தெரிந்துகொள்ள ஒரே வழிதான். அந்தப் புரதத்துக்கான ஜீனையே நீக்கிய செல்களை உடைத்தெடுத்த சாறு ஒரு டியூப், நீக்காத செல்களின் சாறு ஒரு டியூப். நீக்கியதிலும் கோடு வந்தால் என் ஆய்வு மொத்தமும் கோவிந்தா. வெளியூர் ஆய்வகம் ஒன்று இரண்டையும், தண்ணீராக உருகாமல் புகையாகவே போகும் டிரை ஐஸில் வைத்து அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆய்வகத்தில் பார்சல் வாங்க ஆளில்லை என்று வீட்டு முகவரியைக் கொடுத்த புத்திசாலி நான்.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் பார்சல் வந்து, பெட்டி திறந்து கிடந்தது.

"இன்னாம்மா பண்ண?"

"பொட்டில ஐஸே இல்லடி, வெறும் பொகதான் வந்துகினு இருந்துச்சு. அத்த தூக்கிப் போட்டுட்டு நல்ல ஐஸா கொட்டி வச்சிக்கீறேன்."

டியூப்கள் சில்லென்றுதான் இருந்தன. ஆனால் இரண்டு லேபிளும் கழன்று தண்ணீரில் மிதந்தன. எது நீக்கியது, எது நீக்காதது? கத்தித் தீர்த்தேன்.

"சாறுதான? மோந்து பாத்தா தெரியாதா?" என்றாள்.

கோபம் தணிந்த பிறகுதான் மூளை வேலை செய்தது. ஆன்டிபாடி யோக்கியம் என்றால், ஒரு டியூபில் கோடு விழ வேண்டும், மற்றதில் விழக்கூடாது. லேபிள் எதற்கு? மறுநாள் ஆய்வகத்தில் இரண்டையும் ஜெல்லில் ஓட்டிப் படம் எடுத்தேன். எல்லாச் செல்லிலும் இருக்கிற வேறொரு புரதத்தை முதலில் பார்த்தேன். இரண்டிலும் பளிச்சென்று தெரிந்தது. சாறு கெடவில்லை. அடுத்து என்னுடையது. ஒன்றில் கறுப்புக் கோடு. மற்றதில் வெறும் வெள்ளை. கண்ணைக் கசக்கிப் பார்த்தாலும் வெள்ளைதான். கால் தரையில் நிற்கவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, ஒண்ணுல ஒண்ணுமே இல்லம்மா."

அந்தப் பக்கம் மீன் ஏலம் போடும் சத்தம். அதற்கு நடுவே உடைந்த குரலில் சொன்னாள்: "என்னாலதான. நான் வந்து உங்க சாராண்ட சொல்றேன்டி. நான்தான் கெடுத்தேன், எம் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்கன்னு."

எனக்கும் அழுகை வந்துவிட்டது. "ஐயோ, இல்லாம இருந்தாதாம்மா நான் பாஸு."

அப்புறம் போனை மறந்துவிட்டு, பக்கத்துக் கடை அக்காவிடம் அவள் சொல்வது கேட்டது: "எம் பொண்ணு பாஸாயிட்டாக்கா. இன்னா கண்டுபுடிச்சான்னு மட்டும் கேக்காத. ஒண்ணுமே இல்லியாம்."