சட்டையைக் கழற்றிய கவுன்சிலர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. கிழக்கு லண்டனில், மனோர் பார்க்கிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், ஒரு பழைய தொழிலாளர் கிளப் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து அம்மன் கோயில் நடத்திக்கொண்டிருந்தோம். பியர் மணம் லேசில் போகாத மண்டபம். சாம்பிராணி போட்டுப் போட்டு ஒருவழியாக அதைக் கோயிலாக்கி வைத்திருந்தோம். எனக்குப் பகலில் பெட்ரோல் நிலையத்தில் வேலை. ஆங்கிலம் ஓரளவு ஓடும் என்பதால் கவுன்சிலோடு பேசுகிற வேலையெல்லாம் என் தலையில் விழுந்திருந்தது.

அந்தக் கட்டடத்தைத் தொடர்ந்து கோயிலாகப் பயன்படுத்தக் கவுன்சிலின் அனுமதி வேண்டும். இலையுதிர் காலத்தில் அதற்கான கூட்டம் இருந்தது. அனுமதி கிடைக்காவிட்டால் சொந்தக்காரர் கட்டடத்தை விற்றுவிடுவார், அம்மனைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நாங்கள் தெருவில் நிற்க வேண்டியதுதான். எங்களுக்கு எதிராக முன்னால் நின்றவர் எங்கள் பகுதிக் கவுன்சிலரேதான்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சந்தையில் பழம் விற்றுக் கூவிக் கூவியே தொண்டையை வளர்த்த வெள்ளைக்காரர். ஒரு வான் வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக வருவார். முதலில் நம்மவர்களுக்கு வீடு, வந்தவர்களுக்கு மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்பதுதான் எப்போதும் பேச்சு. அப்படி அவர் முழங்கிவிட்டுப் போன ஒரு நாளில், பஸ் தரிப்பில் நின்ற என் மனைவியைப் பார்த்து ஒருவன் ஊருக்குப் போ என்று கத்தி, அவள் காலடியில் துப்பினான். அவள் அதன்பிறகு நெடுநாள் தனியே பஸ் ஏறவில்லை.

ஆனால் எங்கள் மாடிக் குடியிருப்பில் லிப்ட் பழுதாகி, யார் யாரோ முறைப்பாடு செய்தும் அசையாமல் கிடந்தபோது, அதே மனிதர் மூச்சு வாங்க வாங்கப் படியேறி வந்து ஒவ்வொரு கதவாகத் தட்டிக் குறை கேட்டார். எங்கள் கதவையும் தட்டினார். அந்தக் கிழமையே லிப்ட் ஓடத் தொடங்கியது. பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிறார் என்று என் மனைவி சொன்னாள்.

பத்திரிகைகள் அவரை வெறுப்பு வியாபாரி என்று எழுதின. சந்தையிலோ அவர் நடந்து போனால் ஆட்கள் கடையை விட்டு இறங்கி வந்து கை கொடுப்பார்கள். இப்படிப்பட்ட மனிதர் உண்மையில் யார் என்று காட்டுவதற்காக ஒரு தொலைக்காட்சிக் குழு அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர் போகுமிடமெல்லாம் கமெராவும் போகும்.

கோடைத் திருவிழா நெருங்கிய நேரம் அவருடைய ஆட்கள் எனக்குத் தொலைபேசி எடுத்தார்கள். தெருவில் நாங்கள் கார் நிறுத்துகிற அழகைப் பார்க்கக் கவுன்சிலர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார், டிவிக்காரரும் கூட வருவார்கள் என்றார்கள். அதை அப்படியே எங்கள் கோயில் தலைவரிடம் சொன்னேன். தலைவர் பலசரக்குக் கடை வைத்திருந்தவர், நல்ல மனிதர். அவர் காதில் விழுந்தது கவுன்சிலரும் டிவியும் மட்டும்தான்.

"அண்ணை, அவர் எங்களோடை சண்டை பிடிக்க வாறார்," என்றேன்.

"வரட்டும் தம்பி. வாசலுக்கு வாற மனிசனுக்கு ஒரு மாலை போடுறதிலை எங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது?"

பதவியில் உள்ளவர் வாசலுக்கு வந்தால் மாலை போடாமல் அனுப்புவது எங்கள் ஆட்களால் ஏலாத காரியம். அவர் வாழ்த்த வருகிறாரா வைய வருகிறாரா என்பதெல்லாம் பிறகு. அடுத்த நாள் பார்த்தால் திருவிழாத் துண்டுப் பிரசுரத்தில் அவர் பெயருக்கு மேலே 'பிரதம விருந்தினர்' என்று அச்சாகியிருந்தது.

ஞாயிறும் வந்தது. தெருவின் இரண்டு பக்கமும் எங்கள் கார்கள், சில நடைபாதையில் பாதி ஏறி நின்றன. ஒருவர் அயல் வீட்டு வாசலையே அடைத்துவிட்டிருந்தார். உண்மையைச் சொன்னால் கவுன்சிலரின் கோபத்தில் நியாயம் இருந்தது. முகம் சிவக்க வந்து இறங்கி, விரலை நீட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து நாதஸ்வரமும் தவிலும் தொடங்கின. நீட்டிய விரலுக்கு மேலாலேயே தலைவர் மாலையைப் போட்டார். பொன்னாடை வந்தது. யாரோ நெற்றியில் சந்தனம் வைத்தார்கள். அவர் பார்க்கிங் பார்க்கிங் என்று ஏதோ சொல்லப் பார்க்க, தவில்காரர் இன்னும் உற்சாகமாகிவிட்டார். சந்தையையே அடக்குகிற அந்தத் தொண்டை அன்று எடுபடவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவரும் அரசியல்வாதிதானே, சமாளித்துக்கொண்டு சிரித்தார். காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றினார். உட்கதவடியில் ஐயர் நின்று, உள்ளே வருவதென்றால் சட்டையையும் கழற்ற வேண்டும் என்று சைகை காட்டினார். எங்கள் கோயில்களில் ஆண்கள் மேலுடம்பில் சட்டையில்லாமல்தான் சாமி கும்பிடுவது வழக்கம். நானும் வேட்டியோடுதான் நின்றேன். விளங்கப்படுத்தினேன்.

படத்தின் இயக்குநர் ஒரு மெலிந்த இளைஞர். அவர் முகம் மலர்ந்துவிட்டது. வந்தவர்களுக்கு எதிராகக் கத்துகிறவர் வந்தவர்களின் கோயிலில் வெற்று மார்போடு நிற்கிற காட்சி யாருக்குக் கிடைக்கும்? கமெரா கிட்டே வந்தது. கவுன்சிலரின் முகத்தில் இருந்த சிவப்பெல்லாம் வடிந்து போயிற்று.

அவர் என் முழங்கையைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் திருப்பினார். சட்டையில் குத்தியிருந்த மைக்கை மாலையோடு சேர்த்துக் கையால் பொத்திக்கொண்டார். போன குளிர்காலத்தில் தனக்கு நெஞ்சைப் பிளந்து இருதயச் சிகிச்சை செய்தார்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். ஊருக்கு ஸ்பெயினில் விடுமுறை என்று சொல்லி வைத்திருக்கிறார். வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது. கட்சிக்குத் தெரிந்தால் வரும் வசந்தத் தேர்தலில் தன் இடத்தில் வேறு ஒருவரை நிறுத்திவிடுவார்கள். இப்போது உள்ளே வராமல் திரும்பினால் கோயிலை அவமதித்தான் என்று படத்தில் போடுவார்கள், வந்தால் தழும்பு தெரிந்துவிடும். கமெராவை உங்களால் நிறுத்த முடியுமா என்று கேட்டார். தயவுசெய்து என்றும் சொன்னார்.

பஸ் தரிப்பில் நின்ற என் மனைவி என் கண்ணுக்குள் வந்தாள். நான் எதுவும் செய்யத் தேவையில்லை, சும்மா நின்றாலே போதும். கமெரா தன் வேலையைச் செய்யும், இந்த மனிதர் தொலைவார், எங்கள் அனுமதிக்கு இருந்த பெரிய தடையும் தொலையும். அம்மனே வழிகாட்டியதுபோல் இருந்தது. ஆனால் அவருடைய மற்றக் கை சட்டையின் மேல் பொத்தானை விடாமல் இறுகப் பிடித்திருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. அவ்வளவுதான், வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

நான் திரும்பி, உள்ளே படம் எடுக்கக் கூடாது, அது கோயில் சட்டம் என்றேன்.

ஊரில் சில கோயில்களில் அப்படி உண்டு. எங்கள் மண்டபத்தில் அந்த நிமிடம்வரை இருந்ததில்லை. அதுவும் எங்கள் ஆட்களுக்கு வீடியோ இல்லாமல் காது குத்துக்கூட நடக்காது. இயக்குநர் என் தோளுக்கு மேலால் உள்ளே கையைக் காட்டினார். அங்கே எங்கள் வீடியோக்காரர் ஸ்டூலில் ஏறி நின்று, பெரிய லைட்டைப் போட்டு, அம்மனை விழுங்குகிற மாதிரி எடுத்துக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய், "லைட்டை நிப்பாட்டி இறங்கும்," என்றேன்.

"என்ரையையுமோ அண்ணை? திருவிழா முடியேல்லையே."

"ஓம், உம்மடையையும்தான். இறங்கும்."

இயக்குநர் ஐயரிடம் உண்மையா என்று கேட்டார். ஐயர் என்னைப் பார்த்தார், கவுன்சிலரின் கையைப் பார்த்தார். பிறகு, இது ஆதியிலிருந்து உள்ள வழக்கம் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். கோயில் தொடங்கி இரண்டு வருடம்கூட ஆகியிருக்காது.

கமெரா வெளியே போனது. கவுன்சிலர் சட்டையைக் கழற்றினார். தொண்டைக்குழிக்குக் கீழிருந்து வயிறுவரை கோடு இழுத்தாற்போல் தழும்பு, இன்னும் இளஞ்சிவப்பாகவே இருந்தது. எங்கள் ஆட்கள் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. அவர்தான் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். எங்களில் சிலர் உடம்பிலும் தழும்புகள் இருந்தன. ஊர்ப் போரில் ஷெல் துண்டு பட்டவர், தோள் எரிந்தவர், முதுகில் அடி வாங்கியவர். எல்லோரும் கைகூப்பிக்கொண்டு நின்றார்கள். அவரும் மெல்லக் கைகூப்பினார்.

பிறகு சாப்பாடு. போதும் போதும் என்று கையால் மறைக்க மறைக்கக் கத்தரிக்காய்க் கறியும் பாயாசமும் அவர் தட்டில் விழுந்துகொண்டே இருந்தன. வந்த விஷயத்தைப் பேசாமலே போய்விட்டார்.

அன்றிலிருந்து தலைவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

"எங்கட கோயில் டிவியிலை வரப்போகுது எண்டு சனம் முழுக்கப் பாத்துக்கொண்டிருந்தது. நீர் ஏன் தம்பி குறுக்கை நிண்டனீர்?" என்று ஒருநாள் கேட்டே விட்டார். அந்தத் தழும்பு ஒரு இரகசியம் என்பது அவருக்குத் தெரியாது. அனுமதி கிடைக்காவிட்டால் அந்தப் பழியும் எனக்குத்தான் என்று விளங்கியது. வீட்டில்கூட நான் வாய் திறக்கவில்லை.

கூட்டத்துக்குத் தலைவரும் நானும் போய்ப் பின்வரிசையில் இருந்தோம். எங்கள் தெருக்காரர் நிறையப் பேர் எதிர்ப்பதற்காக வந்திருந்தார்கள். கமெராவும் வந்திருந்தது. கவுன்சிலர் எழும்பினார். லண்டனிலேயே இவர்களைப்போல மோசமாகக் கார் நிறுத்துகிறவர்கள் கிடையாது என்று தொடங்கினார். தெருக்காரர் கைதட்டினார்கள். தலைவர் என் தொடையை இறுக்கிப் பிடித்தார். ஆனால் பக்கத்துப் பள்ளிக்கூடத்தோடு தானே பேசிவிட்டதாகவும், ஞாயிறுகளில் அதன் முற்றத்தைத் திறந்துவிடுவார்கள் என்றும், இனித் தெருவில் ஒரு காரும் நிற்காது என்றும் அவர் தொடர்ந்தார். கோயில்காரரிடம் தான் ஒன்று கேட்டதாகவும், அவர்கள் பதிலுக்கு ஒன்றும் கேட்காமல் செய்ததாகவும் சொன்னார். அப்படிப்பட்ட அயலவர்களைத் தெருவில் விடத் தன்னால் முடியாது என்று கோயிலுக்கு ஆதரவாகக் கையை உயர்த்தினார்.

கைதட்டியவர்களே கூச்சல் போட்டார்கள். துரோகி என்று ஒரு குரல் கேட்டது. அவர் குனிந்த தலை நிமிரவில்லை.

அனுமதி கிடைத்துவிட்டது. தலைவர் என் காதில், "எங்களிட்டை என்னத்தை உந்த ஆள் கேட்டது?" என்றார்.

"பார்க்கிங்தான் அண்ணை," என்றேன்.

ஆவணப்படம் குளிர்காலத்தில் ஒளிபரப்பானது. மாலை விழுந்தது, சந்தனம் வைத்தது, கதவு மூடியது எல்லாம் வந்தது. உள்ளே என்ன பேரம் நடந்ததோ, வாக்குக்காக நிறம் மாறிவிட்டார் என்கிற மாதிரிப் பின்னணிக் குரல் சொன்னது. அந்த மனிதரைப் பற்றி எல்லாம் காட்டிய படத்தில், கதவுக்கு இந்தப் பக்கம் நடந்தது மட்டும் இல்லை. வசந்தத் தேர்தலில் அவர் தோற்றுப் போனார்.

பிறகு ஒருநாள் நான் வேலை செய்த நிலையத்துக்கு அந்த வான் வண்டியில் பெட்ரோல் அடிக்க வந்தார். ஒலிபெருக்கி கட்டியிருந்த இடத்தில் இரண்டு துருப்பிடித்த கம்பிகள் மட்டும் நின்றன. உள்ளே படம் எடுக்கக் கூடாதென்று ஒரு சட்டம் உண்மையாகவே உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், எனக்கு ஒருகணம் பயமாகக்கூடப் போய்விட்டது. அதுதான் அவரை நான் கடைசியாகப் பார்த்தது.

அவர் இறந்த செய்தி வந்த பிறகுதான் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்கள் செய்தது சரி. ஆனா எனக்கு அந்தாளிலை இருந்த கோபம் இன்னும் போகேல்லை," என்றாள். அவளுடைய கோபத்திலும் பிழை இல்லை. அவர் வாயால் வந்ததை மறக்க நானும் அவளிடம் கேட்கவில்லை.

டிவிக்காரருக்கு முன்னால் சொன்ன சட்டத்தைப் பிறகு மாற்றினால் மரியாதை இல்லை என்று தலைவரே உட்கதவில் ஒரு பலகை அடித்துவிட்டார். இப்போது அது பெரிய கோயில். பலகையும் இரண்டு மொழியில், பொன் எழுத்தில் இருக்கிறது. போனில் படம் எடுக்கிற பிள்ளைகளை நிர்வாகத்தினர், இது ஆதியிலிருந்து உள்ள வழக்கம் என்று சொல்லித் தடுக்கிறார்கள். நானும் என் போனைப் பைக்குள் வைத்துக்கொள்வேன். என் வீட்டையே காயப்படுத்திய ஒருவரின் காயத்தை மூடி வைக்க அன்று வாயில் வந்த ஒரு பொய், இன்று அம்மன் வாசலில் சட்டமாக நிற்கிறது. அதைக் கடந்து உள்ளே போகும்போதெல்லாம், சட்டைப் பொத்தானை இறுகப் பிடித்திருந்த அந்தக் கைக்கும் சேர்த்துத்தான் நான் கும்பிடுகிறேன்.