அம்மாவின் பெயர் வெட்டிய கிடாரம்

சீதனப் பாத்திரங்களில் பெண்ணின் பெயர் வெட்டுவது எங்கள் வழக்கம். போரில் இடம்பெயர்ந்தபோது யாழ்ப்பாண வீட்டோடு எல்லாம் போய், அம்மாவின் பெயர் உள்ள ஒரு செம்பு மட்டும் எங்களோடு கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்தது.

அது பித்தளையா வெண்கலமா என்று அறிய, போனில் படம் பிடித்துத் தேடினேன். ஒத்த படங்கள் வந்தன. அவற்றில் ஒரு பழைய சாமான் வியாபாரியின் விளம்பரம். செம்புகளுக்கு நடுவே பெரிய சமையல் பாத்திரமான கிடாரம் ஒன்று, அதன் விளிம்பில் 'சி. நாகேஸ்வரி'. எங்கள் செம்பில் போலவே கடைசி எழுத்து இடம் போதாமல் கீழே சரிந்திருந்தது.

அம்மா கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "ஓம் பிள்ளை, எங்கடதான். அந்த நெளிவு நீ விழுத்தி வந்தது."

ஆத்திரத்தில் உடனே வியாபாரிக்கு எழுதினேன்: "இது என் அம்மாவின் பெயர். உங்களிடம் எப்படி வந்தது?" அவர் வாசித்தது தெரிந்தது. சற்று நேரத்தில் விளம்பரமே காணாமல் போனது. திரும்ப எழுதவும் முடியவில்லை, என்னைத் தடுத்துவிட்டார்.

இப்போது எதைக் கண்டாலும் முதலில் திரையைப் படமெடுத்து வைத்துவிட்டுத்தான் வாய் திறக்கிறேன். போன் நிறையப் படங்கள்.

"கிடாரம் வேண்டாம், அந்தப் படத்தையாவது இன்னொருக்கா காட்டன்" என்று அம்மா கேட்கிறார். அது மட்டும் என்னிடம் இல்லை.